லால் ஷராப்: கல்கத்தாவின் மேசையில் ஒரு மென்சிவப்பு ஒயினின் வரலாறு

காலனிய வங்காளத்தின் சமூக வரலாற்றைப் படிக்கும் மாணவர்கள் ஓரிரு வாரங்களுக்குள்ளாகவே 'கிளாரெட்' என்னும் சொல்லைச் சந்தித்துவிடுவார்கள். 18ஆம் நூற்றாண்டின் கல்கத்தாச் செய்தித்தாள்களில், ஏல அறிவிப்புகளில், ஆங்கிலேயர் தம் உறவினருக்கு எழுதிய கடிதங்களில், நினைவுக் குறிப்புகளில் எங்கும் அது கிடைக்கிறது. பிரான்சின் போர்தோ பகுதியிலிருந்து வந்த சிவப்பு ஒயின் என்று அடிக்குறிப்பு எழுதிவிட்டு நாம் கடந்துபோகிறோம். அந்த அடிக்குறிப்பு போதாது என்பதே இப்பதிவின் வாதம். கிளாரெட் என்ற ஒரே பெயருக்குள் நிறத்திலும் செறிவிலும் சுவையிலும் வேறுபட்ட பல ஒயின்கள் அடங்கியிருந்தன. கல்கத்தா வீடுகளின் பணியாளர்கள் அதற்கு 'லால் ஷராப்' என்று வேறொரு பெயர் வழங்கினார்கள். குப்பிக்குள் இருந்தது என்ன, அந்தப் பெயர் யாருடைய உலகத்திலிருந்து வந்தது என்னும் இரண்டு கேள்விகளையும் சேர்த்துக் கேட்டால், ஐரோப்பியரின் சுவை வரலாறு என்று நாம் ஒதுக்கிவைக்கும் ஒன்று இந்திய வரலாறாகவும் தெரியத் தொடங்கும்.

1. 'கிளாரெட்' எதைக் குறித்தது?

சிவப்பு ஒயினின் நிறம் திராட்சைச் சாற்றிலிருந்து வருவதன்று. பெரும்பாலான கருந்திராட்சைகளின் சாறும் ஏறத்தாழ நிறமற்றதே. நிறமும் துவர்ப்பும் தோலில் இருக்கின்றன. பிழிந்த சாறு தோலோடு எவ்வளவு நேரம் ஊறுகிறதோ அவ்வளவுக்கு நிறம் ஏறும். ஓர் இரவு ஊறினால் ரோஜா நிறத்துக்கும் சிவப்புக்கும் இடைப்பட்ட மெல்லிய நிறம் கிடைக்கும். ஒன்றிரண்டு வாரம் ஊறினால் அடர்சிவப்பு. இந்த எளிய உண்மையை மனத்தில் வைத்துக்கொண்டால் கிளாரெட்டின் வரலாறு தெளிவாகும்.

இச்சொல்லின் மூலம் 'தெளிந்த', 'வெளிறிய' என்ற பொருள் தரும் பழைய பிரெஞ்சுச் சொல். இடைக்காலத்தில் போர்தோவிலிருந்து இங்கிலாந்துக்குப் போனது அத்தகைய வெளிர்சிவப்பு ஒயினே. 1152இல் அக்கித்தேனின் எலினோர், பின்னாளில் இங்கிலாந்தின் மன்னனான இரண்டாம் ஹென்றியை மணந்தார். அதனால் அப்பகுதி ஆங்கில அரசகுலத்தின் ஆட்சிக்குள் வந்தது. 1453 வரை அவ்வாறே இருந்தது. 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், வளமான ஆண்டுகளில், ஏறத்தாழ 1,00,000 பெரும்பீப்பாய் ஒயின் அங்கிருந்து கப்பலேறியது. ஒரு பெரும்பீப்பாய் என்பது சுமார் 900 லிட்டர். அந்த ஒயின் விரைவில் புளித்துவிடும்; அடுத்த அறுவடை வருமுன் குடித்துத் தீர்க்க வேண்டிய பண்டம்.

17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நிலை மாறியது. ஓ-பிரியோன் தோட்டத்தின் உரிமையாளரான பொந்தாக் குடும்பத்தினர் தனித்த தோட்டத்தின் பெயரோடு செறிவான ஒயினை இலண்டனில் விற்றனர். 1663இல் சாமுவேல் பீப்ஸ் தம் நாட்குறிப்பில் அதைக் குறிப்பிடுகிறார். கனத்த கண்ணாடிக் குப்பியும் தக்கை மூடியும் பரவியதால் ஒயினை ஆண்டுக்கணக்கில் வைத்திருக்க முடிந்தது. ஆக, கம்பெனிக் கப்பல்கள் கல்கத்தாவுக்கு ஒயின் கொண்டுவந்த காலத்தில் 'கிளாரெட்' என்ற பெயர் பழைய மென்மையை நினைவூட்டியது. குப்பிக்குள் இருந்ததோ பெரும்பாலும் வேறொன்று.

அந்த வேறொன்றுக்கும் வகைகள் உண்டு. போர்தோ வணிகர்கள் ஆங்கிலச் சந்தைக்கென்றே ஒயினைத் 'திருத்தி' அனுப்பினார்கள். ரோன் பள்ளத்தாக்கின் கருஞ்சிவப்பான எர்மிதாஜ் ஒயினையோ, ஸ்பெயினின் அலிகாந்தே, பெனிகார்லோ ஒயின்களையோ கலந்து மீண்டும் நொதிக்கவிடுவார்கள். பிரெஞ்சுக்காரர்களே இம்முறையை 'ஆங்கிலேய வேலைப்பாடு' என்று அழைத்தனர். கலப்பில்லாத ஒயின் இலேசாகவும் புளிப்புத்தன்மையோடும் இருக்கும். திருத்தப்பட்டது கனமாக, போதை மிகுந்து இருக்கும். ஒரே பெயர், எதிரெதிர்ச் சுவைகள். கல்கத்தாவின் ஒரு விளம்பரத்தில் 'கிளாரெட்' என்று மட்டும் இருந்தால் அது எந்த வகை என்பதைக் கப்பல் எந்தத் துறைமுகத்திலிருந்து வந்தது, யாருடைய சரக்கு, என்ன விலை ஆகியவற்றைக் கொண்டே ஊகிக்க வேண்டும்.

ஒப்பீட்டுக்காக ஒன்றைச் சேர்க்கிறேன். மென்சிவப்பு ஒயின் என்பது குறையுள்ள கனசிவப்பு அன்று. அது தனி மரபு. பர்கண்டியின் பினோ நுவார் திராட்சைக்குத் தோல் மெல்லியது. நீண்ட நேரம் ஊறினாலும் ஒயின் ஒளி ஊடுருவும் நிறத்திலேயே நிற்கும். அதற்குத் தெற்கே பொஜொலேயில் விளையும் காமே திராட்சை இன்னும் இலேசான, பழமணம் மிக்க ஒயின் தரும். 1395இல் பர்கண்டிக் கோமகன் இரண்டாம் ஃபிலிப் காமே கொடிகளைத் தம் நிலத்திலிருந்து பிடுங்கச் சொல்லி ஆணையிட்டார். எது உயர்ந்த சிவப்பு, எது தாழ்ந்த சிவப்பு என்ற தீர்ப்பு அன்றே அதிகாரத்தோடு பிணைந்திருந்தது என்பதற்கு அது சான்று. போர்தோவிலோ பழைய முறை முற்றிலும் அழியவில்லை. 'கிளேரே' என்ற பெயரில் வெளிர்சிவப்பு ஒயின் இன்றும் அங்கே தயாராகிறது.

2. கடலும் வெயிலும்

இலண்டனிலிருந்து நன்னம்பிக்கை முனையைச் சுற்றி ஹூக்ளி ஆற்றின் முகத்துவாரத்தை அடையக் கப்பலுக்கு ஐந்தாறு மாதங்கள் ஆகும். நிலநடுக்கோட்டை இருமுறை கடக்க வேண்டும். கப்பலின் அடித்தளத்தில் வெப்பமும் ஆட்டமும் தொடரும். இறக்கிய பின்பும் வங்காளத்தின் சித்திரை வைகாசி வெயில் காத்திருக்கும்.

இந்தச் சோதனையில் வென்றது மதெய்ரா. பிராந்தி சேர்த்து வலுவூட்டப்பட்ட அத்தீவின் ஒயின், கப்பலில் வெந்து குலுங்கி வந்தால் கெடுவதற்குப் பதிலாக மேம்பட்டது. இந்தியா வரை வந்து திரும்பிய மதெய்ராவுக்கு இலண்டனில் கூடுதல் விலை கிடைத்தது. கம்பெனிக் கப்பல்கள் வழியில் அத்தீவில் நிற்பதும் வழக்கம். எனவே கல்கத்தாவின் அன்றாட ஒயின் மதெய்ராதான். 1780இல் கல்கத்தாவுக்கு வந்த எலைசா ஃபே தம் வீட்டுப் பகலுணவைக் கடிதமொன்றில் விவரிக்கும்போது, ஆட்டிறைச்சியும் கோழியும் கறியும் சோறும் மலிவு, மதெய்ரா மட்டும் விலை கூடுதல் என்ற பொருளில் எழுதுகிறார். அவருடைய கடிதங்கள் அவர் இறந்த பின் 1817இல் கல்கத்தாவிலேயே நூலாயின.

கிளாரெட்டின் நிலை நேர்மாறானது. அதற்கு வலுவூட்டல் இல்லை. சாராயச் சத்தும் குறைவு. வெப்பத்தில் எளிதில் கெடும். அதைக் கெடாமல் கொண்டுவந்து, குளிர்ந்த கிடங்கில் வைத்து, குளிர்வித்துப் பரிமாறுவதற்குப் பணமும் ஆள்பலமும் வேண்டும். இங்கேதான் அதன் சமூகப் பொருள் இருக்கிறது என்று கருதுகிறேன். கல்கத்தாவில் மென்சிவப்பு ஒயின் கௌரவப் பொருளானதற்கு அதன் சுவை மட்டும் காரணமன்று. வெப்பநாட்டில் அதைக் காப்பாற்றிக் குடிப்பதே ஒருவரின் செல்வ நிலைக்குச் சான்றாகியது. லால் பஜாரின் பஞ்ச் கடைகளில் மாலுமிகளும் சிப்பாய்களும் குடித்தது இந்நாட்டு அரக்கு. கவுன்சில் உறுப்பினர்களும் வழக்கறிஞர்களும் தம் மேசையில் வைத்தது கிளாரெட். 1777இல் கல்கத்தாவுக்கு வந்து வழக்கறிஞராக வாழ்ந்த வில்லியம் ஹிக்கி விட்டுச்சென்ற நினைவுக் குறிப்புகள் 1913 முதல் 1925 வரை நான்கு தொகுதிகளாக அச்சாயின. விருந்தும் கிளாரெட்டும் பிரியாமல் வரும் பக்கங்கள் அவற்றில் ஏராளம்.

3. பகைநாட்டின் சரக்கு

கிளாரெட் பிரெஞ்சுப் பொருள். கல்கத்தாவின் ஆட்சியாளர்களோ பிரான்சோடு ஓயாமல் போரிட்டவர்கள். இந்த முரண் இங்கிலாந்தில் தொடங்குகிறது. 1703இன் மெதுவென் உடன்படிக்கையின்படி போர்த்துகீசிய ஒயினுக்கான இறக்குமதி வரி பிரெஞ்சு ஒயினுக்கு உரியதைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவாக இருக்க வேண்டும். ஆகவே நடுத்தர வகுப்பினர் போர்ட் குடித்தனர், கிளாரெட் செல்வர்களுடையதாயிற்று. இதே மனப்பான்மை கல்கத்தாவுக்கும் கப்பலேறியது.

ஆனால் கல்கத்தாவுக்கு இலண்டனிடம் இல்லாத ஒரு வசதி இருந்தது. ஆற்றில் சில மைல்கள் வடக்கே போனால் பிரெஞ்சுக்காரரின் சந்தர்நகர். புதுச்சேரியின் ஆளுநராக நாம் அறிந்த தூப்ளே, அதற்கு முன் 1731 முதல் 1741 வரை சந்தர்நகரின் தலைவராக இருந்தார். அவர் காலத்தில் அது வளமான வணிகத் துறையாக வளர்ந்தது. 1757 மார்ச்சில் கிளைவும் வாட்சனும் அதைப் பிடித்தனர். பின்னர் திருப்பித் தரப்பட்டது. 1778இல் மீண்டும் பிடிபட்டது. அமைதிக்குப் பின் மீண்டும் பிரான்சிடம் போனது. 1793இல் மறுபடி பிடிபட்டு 1816இல்தான் திரும்பியது. சந்தர்நகருக்கு மிக அருகில் டேனியரின் செரம்பூர். இங்கிலாந்தும் பிரான்சும் போரிட்ட ஆண்டுகளில் நடுநிலைக் கொடியின் கீழ் வணிகம் செய்து செழித்த ஊர் அது. சண்டையின் போதும் சரக்கு வேறு கொடிகளின் கீழ் வந்து சேர்ந்தது.

இன்னொரு வாயில், கம்பெனிக் கப்பல்களின் தலைவர்களுக்கும் அதிகாரிகளுக்கும் வழங்கப்பட்ட தனிவணிக இடச்சலுகை. கப்பலில் தமக்கு ஒதுக்கப்பட்ட இடத்தில் அவர்கள் ஒயின், தொப்பி, பாலாடைக்கட்டி, பன்றித்தொடை இறைச்சி, கண்ணாடிப் பொருள்கள் முதலியவற்றை ஏற்றிவந்து கல்கத்தாவில் விற்றனர். 1780 ஜனவரி 29 அன்று தொடங்கிய ஜேம்ஸ் அகஸ்டஸ் ஹிக்கியின் 'பெங்கால் கெஜட்'டும், 1784இல் தொடங்கிய 'கல்கத்தா கெஜட்'டும் இத்தகைய விற்பனை, ஏல அறிவிப்புகளால் பக்கம் நிரப்பின. கடனாளியாக இறந்தவரின் சரக்கறைக் குப்பிகளும் ஏலத்துக்கு வரும். ஏலம் என்ற தமிழ்ச் சொல்லும், 'நீலாம்' என்ற வங்காளச் சொல்லும் 'லெய்லாவ்' என்னும் ஒரே போர்த்துகீசியச் சொல்லின் வழிவந்தவை; துறைமுக நகரங்களின் மொழி வரலாறு ஒன்றுக்கொன்று உறவுடையது.

4. ஆப்தாரின் கை

கல்கத்தாவில் கிளாரெட் குளிர்ச்சியாகக் குடிக்கப்பட்டது. மென்சிவப்பு ஒயினைச் சற்றே குளிர்வித்துப் பரிமாற வேண்டும் என்பது இன்றைய ஒயின் அறிஞர்களின் அறிவுரை. ஆனால் மின்சாரமும் பனிக்கட்டியும் இல்லாத நகரில் அதைச் செய்தவர் யார்?

அவர் பெயர் ஆப்தார். 'ஆப்' என்றால் பாரசீகத்தில் நீர். நீரின் பொறுப்பாளர் என்று பொருள். அவருடைய கருவி வெடியுப்பு. வெடியுப்பை நீரில் கரைத்தால் அது சூழ்ந்துள்ள வெப்பத்தை உறிஞ்சிக்கொள்ளும். அந்த நீரில் குப்பியைச் சுழற்றிச் சுழற்றிக் குளிர்விக்க வேண்டும். பின்னர் நீரைக் காய்ச்சி வற்றவைத்து உப்பைத் திரும்ப எடுக்கலாம். அபுல் பசலின் 'ஆயினி அக்பரி' இம்முறையை அக்பரின் கண்டுபிடிப்பாகவே புகழ்கிறது. ஆப்தார் என்ற பதவியும் முகலாய அரண்மனை நிர்வாகத்திலிருந்து வந்ததே.

இங்கே ஒரு பொருளியல் செய்தி மறைந்திருக்கிறது. பீகாரில் விளைந்த வெடியுப்பு, கம்பெனி பாட்னாவிலிருந்து ஐரோப்பாவுக்கு ஏற்றுமதி செய்த முதன்மைப் பண்டங்களில் ஒன்று. ஐரோப்பியப் போர்களின் வெடிமருந்து அதிலிருந்து செய்யப்பட்டது. அதே உப்பு கல்கத்தா வீட்டின் பின்கட்டில் எதிரி நாட்டின் ஒயினைக் குளிர்வித்துக்கொண்டிருந்தது.

1833இல் நிலை மாறியது. பாஸ்டன் வணிகர் ஃபிரெடரிக் டியூடரின் 'டஸ்கனி' என்ற கப்பல் 180 டன் பனிக்கட்டியோடு புறப்பட்டு ஏறத்தாழ 100 டன்னைக் கல்கத்தாவில் சேர்த்தது. நகரத்தார் பணம் திரட்டிப் பனிக்கிடங்கு கட்டினர். சென்னைவாசிகளுக்கு இக்கதையின் மறுபாதி தெரியும்: அதே வணிகத்துக்காக 1842இல் எழுந்த கட்டடமே இன்று விவேகானந்தர் இல்லம் எனப்படும் ஐஸ் ஹவுஸ். நீண்ட பயிற்சியால் கைவந்த ஆப்தாரின் தொழிலை அமெரிக்க ஏரியின் பனிக்கட்டி படிப்படியாகத் தேவையற்றதாக்கியது. தொழில்நுட்ப மாற்றம் முதலில் யாருடைய திறமையின் மதிப்பைக் குறைக்கிறது என்ற கேள்வியைக் கேட்க ஆலைகளைத்தான் பார்க்க வேண்டும் என்பதில்லை. சாப்பாட்டு மேசையும் போதும்.

5. பெயர் யாருடையது?

1886இல் வெளிவந்த 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதியில் 'லால் ஷ்ரப்' தனிச் சொல்லாக இடம்பெற்றுள்ளது. இந்தியாவெங்கும் கிளாரெட்டுக்கு வழங்கும் பெயர் என்று விளக்கம். அகராதியைத் தொகுத்தவர்கள் ஹென்றி யூல், ஏ. சி. பர்னெல் இருவர். பர்னெல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர். சரசுவதி மகால் நூலகத்தின் வடமொழிச் சுவடிகளுக்கு அட்டவணை தொகுத்தவர். அகராதி வெளிவருமுன் 1882இலேயே மறைந்தார்.

அந்த அகராதியின் வேறொரு பதிவையும் உடன்வைத்துப் படிக்க வேண்டும். 'ஷெர்பெட்' பற்றிய பகுதியில், வீடுகளில் வழங்கிய பெயர்கள் சில தரப்படுகின்றன: போர்ட்-ஷ்ராப், ஷெர்ரி-ஷ்ராப், பிராந்தி-ஷ்ராப், பீர்-ஷ்ராப், லால்-ஷ்ராப். இப்பட்டியலைக் கூர்ந்து பாருங்கள். முதல் நான்கிலும் ஐரோப்பியப் பெயர் அப்படியே நிற்கிறது. 'ஷராப்' பின்னொட்டாகச் சேர்கிறது. கிளாரெட் மட்டும் தன் பெயரை இழந்து நிறத்தால் அறியப்படுகிறது. ஷாம்பெயின்கூட ஒலி திரிந்து 'சிம்கின்' ஆனதே தவிரப் பெயரை இழக்கவில்லை. போர்ட்டும் சிவப்புதான், கிளாரெட்டைவிட அடர்சிவப்பு. ஆனாலும் 'சிவப்பு மது' என்ற பெயர் அதற்குப் போகவில்லை.

ஏன்? பணியாளர்களுக்குப் பெயர் வாயில் நுழையவில்லை என்ற வழக்கமான விளக்கம் நிற்காது. ஷெர்ரியும் பிராந்தியும் ஷாம்பெயினும் நுழைந்த வாயில் கிளாரெட் நுழையாதா? என் கருத்து இது: அந்த இடத்தில் ஏற்கெனவே ஒரு பெயர் இருந்தது. பாரசீகத்தில் 'லஅல்' என்றால் மாணிக்கம். பாரசீகக் கவிதை மரபில் மதுவுக்கும் காதலியின் இதழுக்கும் நிலைத்த உவமை. இந்துஸ்தானியின் 'லால்' இச்சொல்லோடு கலந்து ஒலிப்பது. ஜஹாங்கீர் தம் குடியின் அளவைத் தாமே எழுதிவைத்த பண்பாட்டில், ஷிராஸ் ஒயின் பல தலைமுறைகளாகப் பழகிய ஒன்று. ஒளரங்கசீப் காலத்தில் இந்தியாவில் இருந்த பிரெஞ்சு மருத்துவர் பெர்னியர், வங்காளத்தைப் பற்றி எழுதும்போது அரக்குக் கலவைகளின் தீமையைச் சொல்லிவிட்டு, கெட்ட காற்றுக்கு எதிராக அளவோடு அருந்தத் தக்கவையாகக் கிராவ், கனேரி, ஷிராஸ் ஒயின்களை ஒரே மூச்சில் குறிப்பிடுகிறார். கிராவ் என்பது போர்தோவைச் சேர்ந்த பகுதி. கல்கத்தா நகரம் உருவாவதற்கு முன்பே, வங்காளத்தைப் பற்றிய ஒரே வாக்கியத்தில் போர்தோவும் ஷிராஸும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன.

ஆகவே 'லால் ஷராப்' ஆங்கிலச் சொல்லின் சிதைவன்று, மொழிபெயர்ப்பும் அன்று. பழைய வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவர் போலக் கிளாரெட் அந்தப் பெயருக்குள் வந்து தங்கியது. போர்ட்டும் பிராந்தியும் அவ்வுலகுக்கு அந்நியமானவை. அவற்றுக்குப் புதுப்பெயர் தேவைப்பட்டது. வலுவூட்டப்படாத சிவப்பு ஒயின் அறிமுகமானது, அதற்குத் தேவைப்படவில்லை. 'ஷராப்' என்ற அரபுச் சொல்லின் வேரிலிருந்தே நம் கோடைக்கால 'சர்பத்'தும், ஆங்கிலத்தின் 'சிரப்'பும் பிறந்தன என்பதையும் இங்கே நினைவுகொள்ளலாம்.

இந்த வாதத்துக்குத் துணையாக ஒரு பயணி. மிர்ஸா காலிப் தம் ஓய்வூதிய வழக்குக்காக 1828இல் கல்கத்தா வந்து ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு தங்கினார். வழக்கு வெல்லவில்லை, பாரசீகக் கவியரங்கில் எதிர்ப்பும் கிடைத்தது. ஆயினும் பின்னர் கல்கத்தாவை ஏக்கத்தோடு நினைவுகூரும் அவருடைய உருதுக் கவிதையில் அந்நகரின் பசுமை, பெண்கள், கனிகள் ஆகியவற்றோடு அங்கே கிடைத்த தூய மதுவுக்கும் இடம் உண்டு. ஆங்கிலேயரின் இறக்குமதிச் சரக்கை ஒரு பாரசீகக் கவிஞர் தம் மரபின் பொருளாகவே எதிர்கொள்கிறார்.

6. வங்காளியரின் குவளையில்

மேசையைச் சுற்றி நின்ற கித்மத்கார்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள். தம் மதம் விலக்கிய பானத்தைத் துல்லியமாக அறிந்து, குளிர்வித்து, ஊற்றி, பெயரும் வைத்தவர்கள் அவர்கள். குடிக்காதவரின் அறிவும் ஒயின் அறிவே என்பதை நம் வரலாற்றெழுத்து இன்னும் கணக்கில் எடுக்கவில்லை.

மறுபுறம், ஆங்கிலக் கல்வி பெற்ற இந்து இளைஞர்கள். இந்து கல்லூரியில் டெரோஸியோவின் மாணவர்கள் காலத்திலிருந்து குடி என்பது பழமையை மீறும் செயலாகக் கருதப்பட்டது. கல்லூரிக்கு எதிரேயுள்ள கோல்திகி குளக்கரையில் நண்பர்களோடு குடித்ததை ராஜநாராயண் பாசு தம் தன்வரலாற்றில் வெளிப்படையாகவே எழுதுகிறார். ஆனால் இவர்கள் பெரும்பாலும் குடித்தது பிராந்தி முதலிய கடுமதுக்கள். காரணம் எளிது. மீறலுக்குக் குப்பி ஒன்று போதும். கிளாரெட்டுக்கோ கிடங்கும் ஆப்தாரும் மேசையும் வேண்டும். கிளாரெட்டை மென்சிவப்பாக வைத்திருந்த அதே செலவு, அதை வங்காளி நடுத்தர வகுப்பிடமிருந்து விலக்கியும் வைத்தது.

எதிர்ப்பும் எழுந்தது. பியாரிசந்த் மித்ரா 1859இல் குடியை எள்ளி நூல் எழுதினார். சென்னையில் எட்டாண்டு வாழ்ந்து 1856இல் கல்கத்தா திரும்பிய மைக்கேல் மதுசூதன் தத்தர், தாமே பெருங்குடியராயினும், 1860இல் 'ஏகேயி கி போலே சப்யதா' என்ற கேலி நாடகத்தில் குடித்துத் திரியும் நாகரிக இளைஞர்களைத் தோலுரித்தார். தீனபந்து மித்ராவின் 'சதபார் ஏகாதசி' 1866இல் வந்தது. பியாரிசரண் சர்க்கார் மதுவிலக்குச் சங்கம் நடத்தினார். 1870இல் இங்கிலாந்து சென்ற கேசவசந்திர சென், அங்குள்ள மேடையிலேயே இந்தியாவில் நடக்கும் மது வணிகத்தைக் கண்டித்தார். கம்பெனி அரசு 1790இல் வங்காளத்தின் சாராய வரியை ஜமீன்தார்களிடமிருந்து தன் நேரடிப் பொறுப்பில் எடுத்துக்கொண்டதை நினைத்தால் அவருடைய கோபத்தின் இலக்கு புரியும். குடிப்பழக்கத்தை நாகரிகம் என்று காட்டியவர்களே ஏழையின் சாராயத்தில் வருவாய் ஈட்டினர்.

7. மேசையிலிருந்து இறங்கியது

1860இல் பிரான்சோடு ஏற்பட்ட வணிக உடன்படிக்கையை அடுத்து கிளாட்ஸ்டன் இலேசான ஒயின்களின் வரியைக் கேலனுக்கு ஒரு ஷில்லிங்காகக் குறைத்தார். இங்கிலாந்தில் 'கிளாட்ஸ்டனின் கிளாரெட்' மலிந்தது. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தபின் கடல்வழியும் சுருங்கியது. கல்கத்தாவில் மென்சிவப்பு ஒயின் பரவலாகியிருக்க வேண்டிய தருணம் அது. அப்போதுதான் பிரெஞ்சுத் தோட்டங்களை ஃபில்லொக்செரா என்னும் வேர்ப்பூச்சி அழித்தது. ஒயின் அருகியது, தட்டுப்பாடின்றிக் கிடைத்த ஸ்காட்லாந்து விஸ்கியும் சோடாவும் அதன் இடத்தைப் பிடித்தன. வெப்பத்தைத் தாங்காத பானத்தின் இடத்தில் எதையும் தாங்கும் பானம் வந்தது.

இதே காலத்தில் இந்திய மண்ணில் ஒரு முயற்சி நடந்தது. காஷ்மீர் மகாராஜா ரண்பீர் சிங் போர்தோவிலிருந்து கொடிகளைத் தருவித்தார். ஸ்ரீநகரின் குப்கார் ஆலையில் 'மெதோக்' என்ற சிவப்பும் 'பார்சாக்' என்ற வெள்ளையும் தயாராயின. வால்டர் லாரன்ஸ் 1895இல் வெளியிட்ட காஷ்மீர் நூலில் இதை விவரிக்கிறார். 1883–84இல் கல்கத்தாவில் நடந்த பன்னாட்டுப் பொருட்காட்சியில் இந்திய ஒயின்களும் பார்வைக்கு வந்தன. ஆனால் வேர்ப்பூச்சி காஷ்மீரையும் விடவில்லை. ஒரு நூற்றாண்டுக்குப் பின், 1980களிலும் 90களிலும், பெங்களூருக்கு அருகிலும் நாசிக்கிலும்தான் இந்திய ஒயின் தொழில் மீண்டும் வேர்கொண்டது.

8. மாணவர்களுக்கு ஒரு சொல்

இவ்வளவும் சொல்வதன் நோக்கம் கிளாரெட்டின் புகழ் பாடுவதன்று. ஆவணத்தில் ஒரு பொருளின் பெயர் வரும்போது மூன்று கேள்விகளைக் கேளுங்கள். அந்தப் பெயர் அந்த ஆண்டில், அந்தத் துறைமுகத்தில் எதைக் குறித்தது? அந்தப் பொருளை அந்த நிலையில் வைத்திருக்க யாருடைய உழைப்பு தேவைப்பட்டது? அந்த உழைப்பாளர்கள் அதை என்ன பெயரிட்டு அழைத்தார்கள்? மூன்றாம் கேள்விக்கு விடை பெரும்பாலும் எசமானர்களின் எழுத்தில் திரிந்த வடிவில்தான் கிடைக்கும். திரிபை நகைச்சுவையாகப் படிப்பது ஹாப்சன்-ஜாப்சன் காலத்து வழக்கம்; அதைச் சான்றாகப் படிப்பது நம் வேலை.

தமிழ் மாணவர்களுக்கு இது புதிதன்று. புறநானூற்றின் 56ஆம் பாட்டில் நக்கீரர், இலவந்திகைப்பள்ளித் துஞ்சிய நன்மாறனை வாழ்த்துகையில் யவனர் கொண்டுவந்த குளிர்ந்த நறுமணத் தேறலைச் சொல்கிறார். அரிக்கமேட்டில் கிடைத்த மத்தியதரைக்கடல் மதுச்சாடிகளை அப்பாட்டோடு சேர்த்துப் படிக்க நாம் பழகியிருக்கிறோம். ஆனால் அப்பாட்டில் அரசனும் யவனரும் மட்டும் இல்லை. பொற்கலத்தில் ஏந்தி நாள்தோறும் ஊட்டும் வளையணிந்த மகளிரும் இருக்கிறார்கள். நக்கீரர் அவர்களைப் பாட்டுக்குள் வைத்தார். கல்கத்தாவின் ஆப்தாரையும் கித்மத்காரையும் நம் ஆய்வேடுகளுக்குள் வைப்பது இன்னும் மிச்சமிருக்கிறது. அவர்கள் விட்டுச்சென்ற இரண்டு சொற்கள் நம்மிடம் உள்ளன: லால் ஷராப். அங்கிருந்து தொடங்கலாம்.